அர்ச்சுனனின் வெண்ணெய் பிரஷ்

அர்ச்சுனன் செய்யும் கேக்கில் என்ன இருக்கிறது என்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கேட்காத ஆள் கிடையாது. வெண்ணெய் எந்தக் கடையில் வாங்கியது, எசென்சில் சாராயம் கலந்திருக்கிறதா, ஜெலட்டின் போடுவதுண்டா, போட்டால் அது எந்தப் பிராணியுடையது என்று வருஷா வருஷம் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். நோன்புப் பெருநாள் மேசையில் வைக்கிற பலகாரத்தை நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் செய்து தருகிறார் என்றால், கேள்வி வராமலிருந்தால்தான் ஆச்சரியம். அவரும் அலுக்காமல், அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கப்படுகிறவரைப் போலப் பதில் சொல்வார். ஆனால் அந்த வெண்ணெயை எதைக்கொண்டு பூசுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அர்ச்சுனனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதர், பயப்பட வேண்டிய ஒரே சாமானை மட்டும் நிம்மதியாகக் கையில் பிடித்திருந்தார்.

தொழிலால் அவர் பெயிண்டர். பெக்கோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பிழைப்புக்காகப் பாலம் கடந்து, சிங்கப்பூர் அடுக்குமாடிகளுக்கு வெகுகாலம் சாயம் அடித்தவர். ஜொகூர் பாருவில் வாடகை அறையில் கூடத் தங்கியிருந்த சரவாக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் லாப்பிஸ் சுடுவார். மாவை ஒரு கரண்டி ஊற்றி, மேல்சூட்டில் வேகவைத்து, தட்டையாக அமுக்கி, உருக்கிய வெண்ணெயைப் பூசி, அதன்மேல் அடுத்த கரண்டியை ஊற்றுவது. வெட்டினால் சேலைக் கரை மாதிரி கோடு கோடாகத் தெரியும். மற்றவர்கள் வாயைத் திறந்து சாப்பிட, அர்ச்சுனன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சுக்கு மேல் பூச்சு, ஒன்று இறுகாமல் அடுத்ததில் கை வைக்கக் கூடாது, ஓரம் தடிக்கக் கூடாது, நடு குழியக் கூடாது. தான் இத்தனை நாளாகச் சுவரில் செய்துகொண்டிருந்ததும் இதே கேக்தான் என்று அவருக்குப் பட்டது.

முழங்கால் சாரம் ஏற மறுத்ததும் பத்து பாகாட் நகரத்துக்கு வந்து குடியேறிவிட்டார். புறப்படும்போது சிங்கப்பூர் மேஸ்திரி, பிரிக்காத பிரஷ் பெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். பிளாஸ்டிக் நார் பிரஷ் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகும்; நல்ல முடி பிரஷ்தான் எண்ணெயைக் குடித்துவைத்திருந்து, வேண்டிய இடத்தில் விடும். இது எந்தப் பெயிண்டருக்கும் தெரியும். ஆகவே அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றைச் சாயமே படாமல் எடுத்து, வெந்நீரில் அலசி, கேக்குக்கென்று ஒதுக்கினார். அது தேய்ந்ததும் அடுத்தது. மரப்பிடியில் ‘பியூர் பிரிஸில்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சுத்தமான முடி என்று பொருள். எதனுடைய முடி என்று சொல்லாத ஒரு நாசூக்கு அந்த ஆங்கிலத்துக்கு உண்டு. சுத்தம் என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு விசாரிக்காத பழக்கம் நமக்கு உண்டு.

மற்றபடி அவருடைய ஜாக்கிரதையைப் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, கேக்குக்கென்றே தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனித் துணி வைத்திருந்தார். அங்கே இறைச்சி வாசனையே வரக்கூடாது. மனைவி பிரேமலா கறிக்கரண்டியோடு அந்தப் பக்கம் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

“எல்லாத்துக்கும் ஹலால் முத்திரை இருக்கான்னு பாக்குறீங்க,” என்று பிரேமலா ஒருநாள் சொன்னார். “கட்டுன பொண்டாட்டிக்கு எங்க இருக்குன்னுதான் இன்னும் தேடல.”

அவர் வாசலில் எந்த அட்டையும் மாட்டியதில்லை. சான்றிதழ் இல்லாதவர் அப்படி மாட்டக் கூடாது என்று தெரிந்தவர். தாமான் மக்கள் வாங்கிச் சாப்பிட்டதுதான் அத்தாட்சி. மற்ற மதத்தார் வீட்டில் போத்தல் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுகிற கடைசி வரிசை வீட்டு ஹாஜியும்கூட அர்ச்சுனன் கேக்கைச் சொல்லி வைத்து வாங்கினார். பெருநாள் காலையில் அர்ச்சுனன் ஒரு முழு கேக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ருஹானியிடம் போவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். யாராவது ஒரு துண்டை வாயில் போடும்வரை அப்படியே நிற்பார். போட்டதும் முகம் மலரும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நோன்பு மாதம் முழுக்க அடுப்படியில் வேகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ருஹானி பள்ளிக்கூட கேண்டீன் நடத்தி ஓய்ந்த மலாய்க்கார அம்மாள். அவரை அர்ச்சுனன் ‘காக்’ என்பார், அதாவது அக்கா. அந்த அம்மாள் இவரை ‘அபாங்’ என்பார், அதாவது அண்ணன். இருவரில் யார் மூத்தவர் என்பது மரியாதையின் காரணமாக இன்றுவரை தீர்மானமாகவில்லை. பெருநாளுக்கு மாட்டிறைச்சியில் ரெண்டாங், அதாவது தேங்காய்ப்பால் வறுவல், ஆக்கும்போது, மாடு சாப்பிடாத அர்ச்சுனன் வீட்டுக்கென்று ருஹானி கோழியில் தனியாக ஒரு சின்னச் சட்டி வைப்பார். அதை இவர்கள் எதுவும் கேட்காமல் சாப்பிடுவார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த நோன்பு மாதத்தின் கடைசி வாரம் அவர் உப்புத்தாள் வாங்கப் போகும்வரை.

பெருநாளுக்கு முன் எல்லாருக்கும் கேட்டில் புதுச் சாயம் வேண்டும். ஒரு வீட்டு வேலைக்காக டவுனில் இருக்கும் சீனர் ஒருவரின் இரும்புச் சாமான் கடைக்குப் போனார். உப்புத்தாள் இருக்கும் மூலைக்குப் பக்கத்தில், மற்ற சாமான்களிலிருந்து ஒதுங்கி ஓர் அலமாரி. அதன்மேல் மலாயில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது: பன்றி முடி. பன்றியிலிருந்து வரும் சாமான்களை இப்படி எழுதித் தனியே வைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அர்ச்சுனன் அந்த அலமாரியைக் கவனித்ததே இல்லை. மேஸ்திரி கொடுத்த பெட்டி இருந்ததால், இங்கே வந்ததிலிருந்து அவர் ஒரு பிரஷ்கூட வாங்கியதில்லை.

அலமாரிக்குள் அதே மரப்பிடி. அதே செம்புப் பட்டை. பிடியில் அதே ஆங்கிலம்.

கடைக்காரரைக் கூப்பிட்டு, இது எல்லாமே அதுதானா, ஆட்டு முடி, குதிரை முடி எதுவும் உண்டா என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். கடைக்காரர் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிரிஸில் என்று எழுதியிருந்தால் அது பன்றிதான், நீ பெயிண்டர்தானே, உனக்கே தெரியாதா என்று மலாயில் கேட்டார். தெரியும் என்றார் அர்ச்சுனன். அவருடைய வாழ்க்கையில் இவ்வளவு சின்னப் பொய்யை இவ்வளவு பெரிய பயத்தோடு அவர் சொன்னதில்லை. உப்புத்தாளை வாங்கினார், கடைவாசலிலேயே அதை மறந்து வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து, வெண்ணெய் பிரஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அடுப்பில் காட்டினார். பிளாஸ்டிக்காக இருந்தால் உருகும் என்று அவருக்குத் தெரியும். உருகவில்லை. சுருண்டு, கருகி, பொடிந்தது. வீட்டுக்குள்ளிருந்து பிரேமலா யாருடைய தலைமுடி எரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். புருஷன் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை மாற்றிக்கொண்டார்.

அர்ச்சுனன் விஷயத்தைச் சொன்னார். மேசைமேல் மறுநாள் கொடுக்க வேண்டிய கேக்குகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. கொடுத்தவை தாமானில் பாதி வீடுகளில் இருந்தன. மீதி, டவுனில் சைஃபுல்லா நடத்தும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், துண்டு போட்டு. அர்ச்சுனனின் மனம் ஒவ்வொரு வாயாகப் போய் வந்தது. ருஹானியின் தாயார், மக்கா போய் வந்தவர், பல் போன பிறகு இந்த கேக்கைத்தான் விரும்பிக் கேட்பார். ஹாஜி. ஹாஜியின் மருமகள், பிள்ளை உண்டாகியிருந்தபோது. பிறகு பயம் வேறு பக்கம் திரும்பியது. தாமான் வாட்சாப் குழுவில் தன் வீட்டுப் படம், சிவப்பு வட்டம் போட்டு. கேட்டுக்கு வெளியே கூட்டம். வேண்டுமென்றே செய்தான் என்று யாரோ ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள். போலீஸ் வருமா? வந்தால் பிரஷைப் பார்த்து என்ன சொல்வது? சுத்தமான முடி என்றா?

பெருநாள் முடியட்டும், இனிமேல் வேறு பிரஷ் வாங்கிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று அர்ச்சுனன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

பிரேமலா குரலை உயர்த்தவில்லை. “நமக்கு ஒருத்தன் தெரியாம மாட்டுக் கறிய ஊட்டிட்டான்னு வைங்க. தெரியாம செஞ்சது சரி. தெரிஞ்ச பின்னாடியும் சிரிச்சிக்கிட்டே இன்னொரு தட்டு குடுத்தான்னா, அவன நீங்க என்னான்னு சொல்வீங்க?”

அர்ச்சுனன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

சைஃபுல்லாவுக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் கடற்கரை, பிறந்தது இங்கேதான். கடையைத் தகப்பனாரிடமிருந்து வாங்கிக்கொண்டவர். வயதில் மூத்தவர் என்பதால் அர்ச்சுனன் அவரை ‘நானா’ என்று கூப்பிடுவார். நோன்பு மாதத்தில் பிற்பகலுக்கு மேல்தான் கடை சூடு பிடிக்கும். அர்ச்சுனன் போனபோது நோன்பு துறப்பதற்குப் பொட்டலம் கட்டி வாங்கிப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண்மணி கண்ணாடிப் பெட்டியைச் சுட்டிக்காட்டி, கேக் லாப்பிஸ் ஆறு துண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அர்ச்சுனன் போய்ப் பெட்டிக்கும் அந்தப் பெண்மணிக்கும் நடுவில் நின்றார். கேக் கெட்டுப்போய்விட்டது என்றார். கெட்டுப்போன கேக்கைச் செய்தவரே இவ்வளவு அவசரமாக வந்து காட்டிக்கொடுப்பதைப் பார்த்து அந்தப் பெண்மணி திகைத்து, கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு போனார். சைஃபுல்லாவுக்குக் கோபம் வந்தது. அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய் என்ன கூத்து இது என்று கேட்டார். அர்ச்சுனன் சொன்னார். ஒரே மூச்சில், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சைஃபுல்லா முதலில் வாயில் கை வைத்தார். பிறகு, தெரியாமல் நடந்தது, அல்லா மன்னிப்பான், கேக்கை இப்போதே எடுத்துவிடலாம், மனசை விடாதே என்று தேறுதல் சொல்ல ஆரம்பித்தார். தேறுதல் பாதியிலேயே நின்றது. அவர் பார்வை ரொட்டிக் கல் பக்கம் போயிருந்தது.

ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடுகிற அந்தக் கல்லின் ஓரத்தில் நெய்க் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு பிரஷ். மரப்பிடி, செம்புப் பட்டை. துணி முடிச்சால் நெய் தடவிக்கொண்டிருந்த சைஃபுல்லாவுக்கு, அது சீராகப் பரவவில்லை என்று போன வருஷம் அர்ச்சுனன்தான் தன் பெட்டியிலிருந்து ஒன்று கொடுத்தார்.

“தம்பி,” என்றார் சைஃபுல்லா. பிரஷைச் சுட்டிக் காட்டினார்.

“அதச் சொல்லத்தான் வந்தேன், நானா.”

“இல்ல. நீ கேக் விஷயத்தச் சொல்ல வந்தே. இது இப்பத்தான் உனக்கே ஞாபகம் வருது.”

அது உண்மை. இதுவரை ஒருவர் பயந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது இருவர். அதிலும் வித்தியாசம் பாருங்கள்: விலக்கப்பட்டது யாருடைய மார்க்கத்தில் என்று பார்த்தால் அது சைஃபுல்லாவுடையது, ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தது அர்ச்சுனன். சைஃபுல்லா கதவைச் சாத்தினார். கேக்கைப் பற்றி மட்டும் சொல்லு, கல்லைப் பற்றி மூச்சு விடாதே என்றார். தகப்பனார் காலத்துக் கடை, ஒரு நாள் போதும், ஒரு படம் போதும் என்றார். அவர் குரலில் கெஞ்சலும் மிரட்டலும் ஒன்றாகக் கலந்திருந்தன. அர்ச்சுனன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சைஃபுல்லா ஓர் அட்டையில் ‘ரொட்டிக் கல் பழுது’ என்று மலாயில் எழுதி மாட்டினார். இரும்புக் கல் எப்படிப் பழுதாகும் என்று வரிசையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. பசி நேரம்.

பிறகு தெரிந்த உஸ்தாத், மார்க்க ஆசிரியர் ஒருவருக்குப் போன் போட்டார். நண்பர் ஒருவருக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்ற அர்ச்சுனனுக்கு எதிர்முனைக் குரல் கேட்கவில்லை. சைஃபுல்லாவின் முகத்தைத்தான் படிக்க முடிந்தது. அது படிக்கும்படியாக இல்லை. உஸ்தாத் சொன்னது இதுதான்: அறியாமல் சாப்பிட்டவர்களுக்குக் குற்றமில்லை. மிச்சம் இருப்பதைச் சாப்பிடக் கூடாது. ஈரத்தோடு அது பட்ட பாத்திரங்களை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை சுத்தமான மண் கலந்த தண்ணீரால். யார் வீட்டில் மிச்சம் இருக்கிறதோ அவர்களுக்கு உடனே சொல்லியாக வேண்டும். அவர்களுடைய தட்டும் கத்தியும்கூட இதில் சேர்ந்தவை. கடைசியில், அந்த நண்பருடைய கடை எனக்குத் தெரிந்த கடையா என்று உஸ்தாத் கேட்டார். லைன் சரியில்லை என்று சைஃபுல்லா போனை வைத்துவிட்டார்.

மண்ணை அர்ச்சுனன் கொண்டுவந்தார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆழத்தோண்டிய செம்மண், யார் காலும் படாதது. கடைக்குப் பின்னால் கல்லை இறக்கி வைத்து சைஃபுல்லா தேய்க்க, அர்ச்சுனன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொன்னார். ஏழு ஆனபின், இரண்டாவதைச் சரியாக எண்ணினேனா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சைஃபுல்லா திட்டிக்கொண்டே தேய்த்தார். அந்தத் திட்டு ஒன்றுதான் அன்றைக்கு அர்ச்சுனன் கேட்ட சுமுகமான பேச்சு.

வீடு வீடாகப் போகிற வேலை மறுநாள் காலையில். மோட்டாரில் இத்தனை டப்பாக்களைத் திருப்பி எடுத்துவர முடியாது என்று சைஃபுல்லா தன் வேனைக் கொண்டுவந்தார். உள்ளேயே உட்கார்ந்துகொள்வேன், கேட்டால் வேன் வாடகைக்கு என்று சொல்லு என்றார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

அர்ச்சுனன் ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் நின்று, தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்த மலாய் வாக்கியங்களைச் சொன்னார். என்ன பிரஷ், எப்படித் தெரிந்தது, உஸ்தாத் என்ன சொன்னார், பாத்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும். ஒரு வீட்டில் பேசாமல் டப்பாவைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு வீட்டில் எல்லாம் சாப்பிட்டாயிற்றே என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதனால் என்று புரியாமல் அவர் இன்னும் பயந்தார். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் உள்ளே போய்த் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வெகுநேரம் கழித்து வந்து, நன்றி என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். வசைக்குத் தயாராகப் போனவருக்கு இந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ருஹானி வீட்டில் அந்த அம்மாள் இல்லை. தாயாரை ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மகளிடம் சொல்லிவிட்டு வந்தார். அதில் கொஞ்சம் ஆறுதல் அடைந்தார், அடைந்ததற்காக வெட்கப்பட்டார்.

கடைசி வரிசையில் ஹாஜி. அர்ச்சுனன் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. இத்தனை வருஷமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றார் அர்ச்சுனன். ஒரு பெயிண்டருக்குத் தன் பிரஷ் என்னவென்று தெரியாதா, இதை நான் நம்ப வேண்டுமா என்று கேட்டார். முன்தினம் கடைக்காரர் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை அர்ச்சுனன் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொல்லும்போதுதான் அது பொய் மாதிரி ஒலித்தது. ஹாஜியின் குரல் உயர்ந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடிப்பது அர்ச்சுனன் கண்ணில் பட்டது.

வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

சைஃபுல்லா இறங்கி வந்து அர்ச்சுனனுக்குப் பக்கத்தில் நின்றார். சலாம் சொன்னார். பிறகு மலாயில், தெளிவாக, போன் தூக்கியவருக்கும் கேட்கும்படி சொன்னார்: “என் கடை ரொட்டிக் கல்லிலும் இதே பிரஷ்தான். நானும் சாப்பிட்டேன், என் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். எனக்கும் தெரியாது. நேற்று இவர் வந்து சொல்லித்தான் தெரியும்.”

போன் கீழே இறங்கியது. ஹாஜி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கேக் டப்பாவைக் கொண்டுவந்து கேட்டின் மேல் வைத்தார். கேட்டைப் பூட்டினார். அவ்வளவுதான்.

வேனில் திரும்பும்போது அர்ச்சுனன் ஏன் நானா இறங்கினீங்க என்று கேட்டார்.

“உள்ள ரொம்ப புழுக்கமா இருந்துச்சு,” என்றார் சைஃபுல்லா. கண்ணாடியை இறக்கிவிட்டு, சற்று நேரம் கழித்து, “கடைக்கு இனி எவன் வரப் போறான்னு தெரியல. நீ என்கிட்ட பேசாம வா,” என்றார்.

அன்று சாயங்காலம் தாமான் வாட்சாப் குழு அதிர்ந்துகொண்டே இருந்தது. அர்ச்சுனன் போனைத் தொடவில்லை. பிரேமலா படித்துப் படித்துச் சுருக்கம் சொன்னார். ஒருவர் இனிமேல் வெளியே எதுவும் வாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். ஒருவர் சட்டப் பிரிவை எழுதியிருந்தார். ஒருவர் தன் வீட்டு பிரஷ் எது என்று சமையலறையில் தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு குழுவில் வெகுநேரம் சத்தமில்லை. தாமான் முழுக்க அடுப்பில் முடி கருக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. ருஹானி ஒன்றுமே எழுதவில்லை. அர்ச்சுனன் கேட்டது அதை மட்டும்தான்: காக் ஏதாச்சும் போட்டாங்களா? இல்லை என்று ஒவ்வொரு தடவையும் பிரேமலா சொன்னார்.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர். அதற்கு அப்பால் துணி காயப்போட வருகிற ருஹானியைக் கண்டால் அர்ச்சுனன் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். ஹாஜியின் கோபத்துக்கு ஓர் உருவம் இருந்தது. இந்த மௌனத்துக்கு இல்லை. ஹாஜி சாப்பிடாவிட்டால் ஒரு வாடிக்கை போயிற்று. ருஹானி சாப்பிடாவிட்டால் அந்த வாசலில் போய் நிற்பதற்கு அவருக்குக் காரணமே இல்லை.

பெருநாள் காலை. சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து தக்பீர் முழக்கம் ஒலித்தது. புது பாஜு உடையில் எல்லாரும் தொழுதுவிட்டுத் திரும்பினார்கள். வழக்கமாக இந்நேரத்துக்கு அர்ச்சுனன் கேக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். அன்றைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, வெறுங்கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போய் வாழ்த்திவிட்டு வாங்க என்று பிரேமலா சொன்னதற்கு, என்னத்த தூக்கிட்டுப் போறது என்று கேட்டார். தண்ணீரைக் கொடுத்தால்கூட அந்த கிளாசை ஏழு தடவை கழுவுவார்களோ என்று தோன்றிவிட்ட பிறகு எப்படிப் போவது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ருஹானி. கையில் மூடி போட்ட தட்டு.

அர்ச்சுனன் எழுந்து நின்றார். வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டார். பிரேமலா நாற்காலியை இழுத்துப் போட்டார். ருஹானி உட்காரவில்லை. தட்டை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். வழக்கமான கோழி ரெண்டாங், ஓரத்தில் ஓலையில் கட்டி அவித்த கெத்துப்பாட் சோறு. அம்மாவுக்கு நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தே நாள் போய்விட்டது, இரண்டு நாளாகப் போன்கூடப் பார்க்கவில்லை என்று மலாயில் சொன்னார். கேக்கைப் பற்றி அம்மாவிடம் சொன்னதாகவும், அம்மா கொஞ்ச நேரம் அழுததாகவும், பிறகு உஸ்தாத் சொன்னதைக் கேட்டுத் தேறிக்கொண்டதாகவும் சொன்னார். மறைக்காமல் சொன்னார். அர்ச்சுனன் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ருஹானி, தட்டைச் சற்று முன்னால் நகர்த்தி, முக்காட்டு முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அகப்பை வேற, அபாங். சட்டியும் வேற. நானே பக்கத்துல நின்னு ஆக்கினேன்.”

அர்ச்சுனன் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை பெருநாளாக இந்த அம்மாள் இதைச் சொன்னதே இல்லை. இவர் கேட்டதும் இல்லை. பக்கத்து அடுப்பில் மாட்டிறைச்சி கொதிக்கும்போது ஒரே அகப்பை இங்கும் அங்கும் போயிருக்குமோ என்ற எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை. இப்போது வந்தது. வந்ததை ருஹானியும் பார்த்துவிட்டார். போன வருஷமெல்லாம் அகப்பை எப்படி என்று கேட்டால் அந்த அம்மாளுக்கு என்ன பதில் தெரியும் என்று யார் சொல்வது? கேண்டீன் நடத்தியவர், பெருநாள் அடுப்படியின் நெரிசல் அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் கண்ணிலும் அதே பயம் இருந்தது. அர்ச்சுனன் வருஷா வருஷம் அவர் வாசலில் நின்ற மாதிரியே, உட்காராமல், இவருடைய வீட்டில் நின்றுகொண்டிருந்தார்.

பிரேமலா கரண்டி எடுத்துவரத் திரும்பினார். அர்ச்சுனன் காத்திருக்கவில்லை. கையாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

ருஹானியின் பிடி முக்காட்டில் தளர்ந்தது. போகும்போது வாசற்படியில் திரும்பி, அடுத்த நோன்புக்கு பிரஷ் வாங்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள், கடையில் நானே பார்த்து எடுக்கிறேன் என்றார். நம்புகிறார், ஆனால் பார்த்துத்தான் நம்புவார். அர்ச்சுனன் சரி என்று தலையாட்டினார். இதைவிட அதிகமாக அவர் எதிர்பார்க்கவில்லை. இதைவிடக் குறைவாகக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கவும் அவருக்குத் தைரியமில்லை.

ரெண்டாங்கில் உப்பு கொஞ்சம் கம்மி. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.